வேறொரு கை போட்ட தையல்

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. ஜன்னலோரம் மிஷின், ஜன்னலுக்கு எதிரே காலி மனை. அங்கேதான் பக்கத்து வீட்டு பேக்கரியம்மாவின் மூன்று வாண்டுகளும் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து தெருவிளக்கு எரியும்வரை கிடக்கும். பார்த்துக்கொள்ளப் பெரியவர் யாராவது? மூச்! ஒருத்தர் கிடையாது. பெற்றவளோ பேக்கரியில் விடியற்காலை வேலை முடித்து வந்து, கதவை விரியத் திறந்து போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை தூங்குவாள்.

வாரம் தவறாமல் அந்த வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் கிழிந்த கால்சட்டைகள் தைக்க வரும். பொத்தான் போன சட்டைகளுக்கு மட்டும் பேக்கரியம்மாவே கறுப்பு நூலில் பொத்தான் வைத்துவிடுவாள், வெள்ளைச் சட்டையானாலும் சரி.

"உன் வீட்டுல கறுப்பு நூலை விட்டா வேற நூலே கிடையாதா? பெத்துப் போட்டா ஆச்சா, பிள்ளைங்க மேல ஒரு கண்ணு வேண்டாமா?" என்பாள் தையலக்கா.

"பசிச்சா வீட்டுக்கு வந்துடும்க்கா" என்று சிரித்துவிட்டுப் போவாள் அவள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டாலே தையலக்காவுக்கு வயிறு எரியும். இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த நிம்மதி? தான் பகலில் கண்ணசந்து ஒன்பது வருஷமாகிறது. ஒன்பது வயது ஒற்றை மகள் எப்போதும் மிஷினுக்கு இரண்டடி தள்ளி, கலர் பென்சிலும் கையுமாக. "எம் பொண்ணு உடுப்பைப் பாருங்க, முட்டியில ஒரு கீறல் உண்டா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாள். வெளியே அந்த மூன்றும் கூச்சல் போட்டால் மகள் இங்கே தானாகச் சிரிக்கும். அது மட்டும் பொறுக்காது. ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

செவ்வாயும் சனியும் தைத்த துணியைக் கடையில் கொடுக்கப் போவாள். "தாழ்ப்பாள் போட்டுக்கோ. யார் வந்தாலும் திறக்காதே." மகள் தலையாட்டும். தங்கம்!

மகள் வளர்ந்துவிட்டாளே என்று, ஒருநாள் அவளுடைய நீலக் கால்சட்டையின் மடிப்பை இறக்க எடுத்தாள். உட்புறம் திருப்பினால், முட்டியில் ஒரு தையல். நீலத் துணியில் கறுப்பு நூல், கோணலும் மாணலுமாக, முடிவில் மிளகளவு முடிச்சு.

யார் கை என்று கேட்கவே வேண்டியதில்லை. கால்சட்டையும் கையுமாகப் பக்கத்து வீட்டில் போய் நின்றாள். பேக்கரியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க கடைக்குப் போற நாள்ல நாலு மாசமா வந்து விளையாடுது. சுவத்துலேர்ந்து குதிச்சு கிழிச்சுக்கிச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்னு ஒரே அழுகை. அதான் நானே..."

"ரத்தம் வந்துச்சா?"

"லேசா. கழுவி மருந்து போட்டேன்."

"அழுதுக்கிட்டு உங்கிட்டயா வந்தா?"

தையலக்கா திரும்பிவிட்டாள். தலையாட்டிவிட்டு வெளியே போனது கூடப் பெரிதில்லை. அடிபட்ட பிள்ளை இன்னொருத்தி மடியைத் தேடிப் போயிருக்கிறதே, அதுதான் நெஞ்சை அறுத்தது. தன் பிள்ளையின் முட்டிக் காயம் ஊருக்கெல்லாம் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது!

மிஷினில் உட்கார்ந்து அந்தக் கறுப்பு நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து எறிந்தாள். நீல நூல் கோத்து மறுபடி தைத்தாள். மகள் மூலையில் ஒண்டி நின்றது.

"முட்டியைக் காட்டு."

ஆறிப்போன தழும்பு, நகக்கண் அளவு.

"எந்தச் சுவரு?"

"அந்த மஞ்சச் சுவரு."

"அவ பிள்ளைங்க ஏறுமா அதுல?"

"பெரியவன் மட்டும் ஏறுவான்." மகள் தழும்பைத் தடவிக்கொண்டது. "நானும் ஏறிட்டேம்மா."

தையலக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கால்சட்டையை மகள் மேல் விட்டெறிந்தாள்.

"மாட்டிக்கிட்டுப் போ. தெருவிளக்கு எரியறதுக்குள்ள வந்துடணும். கிழிஞ்சா எங்கிட்ட வா, ரத்தம் வந்தா எங்கிட்ட வா. அவகிட்ட போனே, காலை ஒடிச்சுப்புடுவேன்!"

மகள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியது. தையலக்கா ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு மஞ்சள் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தெருவிளக்கு எரியும்வரை மிஷினில் ஒரு தையல் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மறுபடி படுத்துவிட்டாள் போல, குறட்டைச் சத்தம் இங்கே வரை கேட்டது.