நாலு பேட்டரியில் ஒன்று

சுனாமி வந்து நாலு வருஷம் இருக்கும். ஒரு வாத்தியார் வீட்டில் ஓட்டிக்கொண்டிருந்த பேட்டரி வண்டியைப் பழசாக வாங்கினோம். பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், ஒயரைச் சொருகிச் சார்ஜ் ஏற்றினால் போதும். மில்லில் இருந்தபோதே என் வீட்டுக்காரருக்கு வலது கால் நசுங்கிவிட்டது, சைக்கிள் மிதிக்க முடியாது. எனக்கு உப்பளம் ஏரியாவில் ஒரு ஆபீஸ் கேன்டீனில் இட்லி அவிக்கிற வேலை. தினமும் காலையில் ரெட்டியார்பாளையத்திலிருந்து என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் திரும்பிவிடுவார். சாயங்காலம் நான் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

"சத்தமே இல்ல, திருடப் போற மாதிரி இருக்குது" என்பேன்.

"உன்னத்தான் திருடிக்கினு போறேன்" என்பார். அறுபது தாண்டிய வயசில்.

ஒரு வருஷம் ஓடியது. பிறகு உப்பளம் போய்ச் சேர்வதற்குள்ளேயே வண்டி முனகியது. விழுப்புரம் ரோட்டில் கடை வைத்திருந்த மெக்கானிக்கிடம் இரண்டு பேருமாகப் போனோம். அவன் கால் வைக்கும் பலகையைக் கழற்றினான். அடியில் செங்கல் அடுக்கினாற்போல நாலு பேட்டரி. ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணு சுத்தமா போச்சு ஆயா. ஆனா நாலையும் சேத்துதான் மாத்தணும். பழசோட புதுசு சேராது."

"மீதி மூணு ஓடுதா இல்லியா?"

"இப்போதைக்கு ஓடும்."

"ஓடுறத எதுக்குடா தூக்கிப் போடணும்? வீட்டுல நாலு பல்பு எரியுது, ஒண்ணு பீஸ் போனா நாலையுமா கழட்டுவீங்க உங்க வீட்டுல?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மெக்கானிக் என் வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"அவ சொன்னா சரிதாம்பா. ஒண்ணே போடு" என்றார் அவர்.

புதுசு போட்டதும் வண்டி பறந்தது. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாலு மாதம் போயிருக்கும். நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவர் காலை நீட்டிப் படுத்திருப்பார். சட்டை முதுகில் வேர்வை காய்ந்து உப்பு பூத்திருக்கும்.

"எங்கய்யா சுத்திட்டு வந்த? சீட்டாட்டமா?"

"ஆமா, இன்னிக்கும் தோத்துட்டேன்."

திட்டிக்கொண்டேதான் சோறு போடுவேன். காலையில் வண்டி என்னை ஒழுங்காகக் கொண்டுபோய் விடுகிறது, எதை நான் சந்தேகப்படுவது?

கத்திரி வெயிலில் ஒருநாள் மெக்கானிக்கே கேன்டீனுக்கு வந்தான். என் வீட்டுக்காரர் ரோட்டில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றான். இட்லித் தட்டைக்கூட இறக்காமல் ஓடினேன். நான் போவதற்குள் முடிந்துபோயிருந்தது.

காரியமெல்லாம் ஆன பிறகு, அன்றைக்கு ரோட்டிலிருந்து எடுத்துத் தன் கடையில் போட்டிருந்த வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். அன்றைக்குத்தான் சொன்னான். பழைய மூன்றும் சேர்ந்து புதுசையும் தின்றுவிட்டதாம். போகும்போது ஓடுமாம். என்னை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாதியில் நின்றுவிடுமாம். மீதி வழியை அந்தக் காலை வைத்துக்கொண்டு தள்ளியே வந்திருக்கிறார், தினமும்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நாலையும் மாத்தச் சொல்லி ஆயாகிட்ட நானே பேசுறேன்னேன். தாத்தா விடல. 'அவ சொன்னது தப்பாப்பூடுச்சின்னு அவகிட்ட சொல்லாதடா, தாங்க மாட்டா'ன்னாரு."

வண்டி சீட்டில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தேன். அப்புறம், "நாலையும் மாத்திடு" என்றேன்.

"இனிமே யாரு ஆயா ஓட்டப் போறாங்க?"

"நீ மாத்து."

இரண்டு நாள் கழித்து மாற்றிக்கொண்டு வந்தான். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "உப்பளம் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன் ஆயா. கொஞ்சங்கூடத் திணறல" என்றான்.

அவன் நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.