போதுமான மாடுகள்

மழை பொய்த்த ஆண்டில், மரக்கன்று நட்டு அடைத்து வைத்த காட்டுப் பகுதியையும் உள்ளூர் மாடுகளுக்குக் கோடை முடியும்வரை திறந்துவிடலாம். மனு கிடைத்த பதினைந்து நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். இப்படி ஒரு விதி இருந்தது. அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது எங்கள் அலுவலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும். தெரிந்து ஆனது ஒன்றுமில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. சந்தவாசல் பக்கம், மலையடிவாரத்து வனச்சரக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஜவ்வாது மலையில் ஐப்பசி மழைக்குப் புல் இடுப்பளவு வளரும். தை வரை பச்சை. மாசியில் காயும். பங்குனியில் மாடு மண்ணை நக்கும். அந்த வருடம் மழையே இல்லை. தையிலேயே பங்குனி வந்துவிட்டது. நாங்கள் அடைத்திருந்த சரிவில் மட்டும் பழைய புல் மேய ஆளில்லாமல் நின்றது.

அதைக் கேட்டு மலைமேல் ஊரிலிருந்து ஒரு விவசாயி நடந்தே இறங்கி வந்தார். சாமைப் பயிர் காய்ந்து போயிருந்தது. மாடுகளையாவது அடுத்த மழைவரை உயிரோடு வைத்திருக்க வேண்டும் அவருக்கு. மனுவை நானே எழுதினேன்.

"எத்தனை மாடு?"

"இருக்குதுங்க."

"இருக்குதுன்னா?"

"பட்டி நெறைய இருக்குதுங்க சார். எண்ணக் கூடாதுங்க. எண்ணிச் சொன்னா தங்காது."

எங்கள் பியூன் சிரித்தார். "இன்னாய்யா, எண்ணாம எப்பிடி ஓட்டிக்கினு வருவ? ஒண்ணு கொறஞ்சா தெரியாதா?"

"மூஞ்சி கொறஞ்சா தெரியும்ங்க. நீங்க வூட்ல புள்ளைங்கள எண்ணியா சோறு போட்றீங்க?"

பியூனுக்கு ஏழு பிள்ளைகள். அவர் வேறு வேலை பார்க்கப் போனார்.

"குத்துமதிப்பா ஒண்ணு சொல்லுங்க, போட்டுக்கறேன்" என்றேன்.

"கொறச்சு சொன்னா அத்தினிதான் நிக்கும்ங்க."

எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருந்தால் மனுவைத் திருப்ப வேண்டும் என்பதும் விதி. திருப்பினேன். மணியக்காரரிடம் சான்று வாங்கி வந்தால் கட்டத்தை நிரப்ப வேண்டியதில்லை என்று வழியும் சொன்னேன். எட்டு நாள் கழித்துச் சான்று வந்தது. மணியக்காரரும் மலைக்காரர். அடுத்தவர் பட்டியை எண்ணுவது இன்னும் பெரிய பாவம். எனவே இப்படி எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்: "மேற்படியாருக்குப் போதுமான மாடுகள் உள்ளன."

அதை இணைத்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. "போதுமான என்பது எத்தனை? தெளிவுபடுத்தவும்."

எண்ணி வர ஒரு வனக்காவலரை அனுப்பினேன். புல் இல்லாத காலத்தில் மலைக்காரர்கள் மாடுகளைக் காட்டில் அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். அவை கிடைத்த தழையைத் தின்று திரியும். காவலர் காலிப் பட்டியைப் பார்த்துவிட்டு, 'இல்லை' என்று அறிக்கை கொடுத்தார். இருக்கும் மாடுகள் ஏன் இல்லை என்று விளக்கி மறுபடியும் மேலே எழுதினேன். முறைப்படி எல்லாம் சரியாக இருந்தது.

சித்திரையில் விவசாயி மறுபடியும் வந்தார். "காயிதம் வந்துச்சுங்களா?"

"இன்னும் இல்லை."

"நாலு மாடு எழுந்திருக்கலீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வைகாசியில் மிச்சத்தைக் கண்ணமங்கலத்துக்கு ஓட்டிப்போய் வியாபாரியிடம் விட்டார். பஸ்ஸுக்கு நின்றிருந்த நான் பார்த்தேன். வியாபாரி ஒவ்வொன்றின் முதுகிலும் குச்சியால் தட்டி உரக்க எண்ணினான். இவர் திரும்பிச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினேழு.

அருகில் போனேன். அவரே பேசினார்.

"நீங்க மலையாளு இல்லீங்களே சார். நீங்களா ஒரு நம்பர் போட்டிருந்தா எங்களுக்கு தோசம் இல்லீங்க."

"சொல்லியிருக்கலாமே?"

"நாங்க கேட்டு நீங்க போட்டா, நாங்க சொன்ன மாதிரிதானுங்களே."

முப்பது என்று கிறுக்க எனக்கு ஒரு விநாடி ஆகியிருக்கும். பொய்க் கணக்கு எழுதாதவன் என்று அலுவலகத்தில் எனக்கு அப்போது நல்ல பெயர்.

அதே வாரம் அடைத்த சரிவில் தீப்பிடித்தது. யாரும் மேயாத புல் ஒரே பகலில் எரிந்து முடிந்தது. அதற்கும் மூன்று பிரதிகளில் அறிக்கை அனுப்பினேன்.

பிறகு மழை பெய்தது. மலை முழுக்க இடுப்பளவு புல். அவருடைய பட்டியிலும் முளைத்திருந்தது என்று காவலர் சொன்னார். ஒரு நாள் தபாலில் அந்தக் கோப்பு உத்தரவோடு வந்தது. மனுதாரர் மலைவாசி என்பதால் எண்ணிக்கையை வற்புறுத்த வேண்டியதில்லை. கோடை முடியும்வரை மேய்ச்சலுக்கு அனுமதிக்கலாம். வரவு முத்திரையை எடுத்துக் குத்தினேன். நவம்பர் இருபத்தாறு.