ஆதிகேசவன் சொல்ல மறுத்த நம்பர்

தாத்தா ஆனதிலிருந்து ஆதிகேசவன் சட்டைப் பையில் இரண்டு போன் வைத்துக்கொண்டு திரிகிறார். ஒன்று அவருடையது. இன்னொன்று மகள் ஹெலனுடையது. பச்சை உடம்புக்காரி போனைப் பார்த்தால் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும் என்று மனைவி மரியம்மாள் அதைப் பிடுங்கி இவரிடம் கொடுத்திருந்தாள்.

ஹெலனுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே மெயில் முழுக்க ஒரே ஒரு பழைய சர்வரில் கிடந்தது. போன மழைக்கு அது படுத்துக்கொண்டது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்ததே தெரியாமல் கைவிட்டுப் போனது. அதன் பிறகு ஹெலன்தான் திட்டம் போட்டாள். ஆபீசில் ஒரு புது சர்வர், மாதனூர் யூனிட்டில் இன்னொன்று. எந்த மெயில் வந்தாலும் இரண்டிலும் இருக்கும். ஒன்று படுத்தால் மற்றது வேலை செய்யும். மேனேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் வேலையைச் சென்னைக்காரர்களிடம் விட்டுவிடுவேன் என்றார். விட்டால், லீவு முடிந்து போகும் ஹெலனுக்கு அங்கே நாற்காலி இருக்காது. எல்லாம் தயாரான நேரம் பார்த்து, பாப்பா பிரிசில்லா முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள்.

அன்று மாதத்தின் கடைசி நாள், ஞாயிறு. மரியம்மாள் சர்ச்சுக்குப் போயிருந்தாள். ஹெலனோடு வேலை பார்க்கும் அஸ்பாக் லேப்டாப்போடு வீட்டுக்கே வந்து கூடத்தில் உட்கார்ந்தான். உள் அறையில், திரைக்குப் பின்னால், ஹெலன் கண்ணை மூடியபடி ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் தட்டினான். பழைய மெயிலெல்லாம் புது இடத்துக்கு வந்து சேர்ந்தன. இனி வரும் மெயிலைப் புது சர்வருக்குத் திருப்பிவிடுவது மட்டும்தான் பாக்கி. அதற்குள் பால் கொடுத்த அசதியில் ஹெலன் தூங்கிப்போனாள்.

ஆதிகேசவன் பையில் போன் சிணுங்கியது.

"மாமா, ஹெலன் போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க."

அவர் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "அத மட்டும் கேக்காத தம்பி. யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா."

"நான் அஸ்பாக் மாமா. பாப்பாவ மொத மொதல்ல வந்து பாத்தவன்."

"அதுக்குத்தான் ஸ்வீட்டு குடுத்தேனே. ஓடிபியும் குடுப்பாங்களா?"

நேரம் தாண்டி அந்த நம்பர் செத்தது. இன்னொன்று வரவழைத்தான். அதுவும் போனது.

"பேஜாராப் போச்சு மாமா. இன்னும் ஒரு தடவதான். அதுவும் போச்சுன்னா இன்னைக்கு பூட்டிக்கும். நாளைக்கு மேனேஜர் சென்னைக்கு போன் போட்டுடுவாரு. ஹெலன எழுப்புங்க."

"ராத்திரியெல்லாம் முழிச்சிருந்த புள்ள. இப்பத்தான் கண்ண மூடுச்சு."

போன் மூன்றாம் முறை சிணுங்கியது. ஆதிகேசவன் உள் அறைத் திரைச்சீலையைப் பார்த்தார். அந்த நாற்காலிக்காக மகள் நிறைமாத வயிற்றோடு கம்பெனி பஸ் ஏறிப் போனது ஞாபகம் வந்தது. உள்ளே போய் அவள் காதருகே குனிந்தார்.

"அம்மாடி, அஸ்பாக் நம்பர் கேக்கறான். சொல்லட்டா?"

"சொல்லுப்பா," என்றாள், கண் திறக்காமல்.

"நீயே கேட்டாலும் சொல்லாதன்னு சொன்னியே."

ஹெலனுக்குத் தூக்கம் கலைந்து சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ அப்பா, அது பேங்குக்கு. இத சொல்லு."

அங்கே நின்றபடியே ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படித்தார். "வாங்கிக்கிச்சு," என்றான் அஸ்பாக்.

"டெஸ்ட்டுக்கு பாப்பா போட்டோவ ஆபீசுல எல்லாருக்கும் மெயில் அனுப்பு," என்றாள் ஹெலன்.

போட்டோ போனது. அஸ்பாக் ஆபீசில் இருந்த வாட்ச்மேனுக்குப் போன் போட்டு அங்கிருக்கும் சர்வரை அணைக்கச் சொன்னான். அணைத்த பிறகும் பிரிசில்லா மாதனூரிலிருந்து வந்து ஸ்கிரீனில் கொட்டாவி விட்டபடி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் மேனேஜரின் பதில் வந்தது. அஸ்பாக் படித்துச் சொன்னான்: "குழந்தைக்கு வாழ்த்து. சென்னைக்காரங்களுக்கு வேணாம்னு சொல்லிடறேன்."

உள்ளிருந்து ஹெலன், "அஸ்பாக், ஓடிபிக்கு ரெண்டாவது நம்பரா அப்பா நம்பரையும் போட்டு வை," என்றாள்.

"இவரு நம்பரா? இவருகிட்ட யாரு வாங்கறது?"

"அதுக்குத்தான் அவரு."

ஆதிகேசவன் அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தம்பி, ஆபீசு சர்வரப் போட்டுட்டு, மாதனூர ஒருதரம் ஆஃப் பண்ணச் சொல்லேன். அதுலயும் பாப்பா தெரியறாளான்னு பாக்கறேன்."