ஆடி மாதத்து ஒலிப்பதிவு

காலி காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் விரல்களால் தட்டிக்கொண்டிருந்தார். என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் அவர். மற்றவர்கள் ஜாதகம், முகூர்த்தம் என்று வரிசைக்கிரமமாகப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் எங்கள் வீட்டு மின்விசிறியின் கடகடப்புக்குத் தாளம் போட்டார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “உங்க ஃபேன் நல்லா வாசிக்குது சம்பந்தி. பேரிங் பூட்ச்சி. மாத்திடாதீங்க,” என்றார். நிச்சயமே ஆகாத நிலையில் என்னைச் சம்பந்தி என்று அழைத்தது முறைப்படி தவறு. அதைச் சுட்டிக்காட்ட வாயெடுப்பதற்குள் வெற்றிலைத் தட்டு வந்துவிட்டது.

நான் அரசு வானொலியில் நிகழ்ச்சி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் ஒரு பாட்டு காற்றில் ஏற வேண்டுமானால், அதற்கு முன் அது பல மேசைகளில் ஏறி இறங்க வேண்டும். யார் எழுதியது, யார் அனுமதித்தது, எத்தனை நிமிடம், தவறினால் யார் விளக்கம் எழுதுவது என்பதெல்லாம் பாட்டைவிட முக்கியம். அந்த ஒழுங்கை நான் நேசித்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் நேசித்தேன்.

சம்பந்தி வேறு ரகம். பிள்ளைப்பாக்கத்தில் பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். இளம் வயதில் திருவிழா மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். கச்சேரி இல்லாத நாட்களில் பர்மா பஜாரில் வெளிநாட்டு கேசட்டுகளைத் துழாவுவார். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே, படத்தில் டிரம்ஸ் தெரிந்தால் வாங்கிவிடுவாராம். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது, ஊரில் மற்றவர்கள் செய்ததையே அவரும் செய்தார்: மண்ணூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். அதன் மாடியில் மற்றவர்கள் செய்யாத ஒன்றைச் செய்தார். உள்ளூர் அறக்கட்டளை ஒன்று சமுதாய வானொலி தொடங்க இடம் தேடியபோது, மாடியறைகளை அதற்கு விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது வாரம் ஒரு மாலைப்பொழுது மட்டும். உரிமத்துக்கான விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்ய ஆள் வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்கு மருமகளாகப் போன மகளுக்கு அருகில் இருக்கலாமென்று நானும் அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூருக்குக் குடிவந்திருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு விண்ணப்பப் படிவத்தைக் காட்டுவது, குடியை விட்டவன் முன்னால் பாட்டிலைத் திறப்பது போல. ஒப்புக்கொண்டேன்.

அவருடைய நிகழ்ச்சி ஷிப்ட் மாறும் வேளையில் வரும். கம்பெனி பஸ்களில் உட்கார்ந்திருப்பவர்களும் ஹாஸ்டல் அறைகளில் துணி துவைப்பவர்களும்தான் நேயர்கள். ஒரு பழைய பாட்டைப் போடுவார், பிறகு அதே பாட்டை வேறு யாரோ, வேறு எங்கோ, வேறு விதமாகப் பாடியதைப் போடுவார். பருத்திக் காட்டில் கூலிக்காரர்கள் பாடியது, பல வருடம் கழித்து மின்கிதார் அலறும் ராக் பாட்டாகியிருக்கும். ஏற்றம் இறைத்தவரின் பாட்டு மெல்லிசை மேடையில் டூயட் ஆகியிருக்கும். இடையில் அவர் பேசுவார்: “பாத்துக்கினியா? அதே பாட்டுதாம்பா. அப்போ வவுத்துப் பசில பாடுனான், இப்போ கரண்ட்டுல பாடறான். எது ஒஸ்தின்னு என்னைக் கேக்காத. ரெண்டும் கேளு, பஸ்ஸு வர்ற வரிக்கும்.” வானொலியில் இப்படியா பேசுவது என்று தொடக்கத்தில் நான் குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். அவர் அவற்றை மரியாதையாக வாங்கி, டிரம்ஸின் ஒரு கால் ஆடாமலிருக்க அடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

ஒருமுறை எங்கோ மலைநாட்டில் பிணத்தோடு நடந்துகொண்டே பாடுகிற பாட்டையும், அதையே ஒரு ராக் குழு பாடியதையும் அடுத்தடுத்துப் போட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி. செல்போன் பாகங்கள் பூட்டும் தொழிற்சாலையில் லைனில் வேலை செய்யும் பெண். ராமநாதபுரம் பக்கம் ஊர், இங்கே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள்.

“ஐயா, எங்க ஊர்லயும் இது உண்டு. நான் ஒண்ணு பாடணும். பாட விடுவீகளா?”

“வா கண்ணு, தாராளமா பாடு. யாருக்காண்டி?”

“எங்கம்மாவுக்கு.”

அம்மா இறந்த செய்தி வந்தபோது அவள் ஷிப்டில் இருந்தாள். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. வெளியே வந்து, செய்தி தெரிந்து, பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. “நான் போகையில வீட்டைக் கழுவிட்டாக ஐயா. கழுவுன வீட்ல அழக்கூடாதுன்னு சொல்லிப்புட்டாக. ஊர்ப் பொம்பளைகள்லாம் அழுதாகளாம். பெத்த மக நான் அழல,” என்றாள். சொல்லும்போது குரலில் ஈரமே இல்லை. குறை தீர்க்கும் பிரிவில் மனு கொடுப்பவள் போலச் சொன்னாள்.

சம்பந்தி உடனே தேதி குறிக்கப் பார்த்தார். அங்கேதான் சம்பந்தி அம்மா குறுக்கே வந்தார். மண்டபத்தின் சாவிக்கொத்தும் முன்பதிவும் அவர் கையில்.

“கல்யாணம் பண்ற எடத்துல குந்திக்கினு ஒப்பாரி வெப்பாங்களாம். ஊருக்குத் தெரிஞ்சா நம்ம மண்டபத்துல எவன் தாலி கட்டுவான்? உங்க சம்பந்திக்குத்தான் புத்தி பூட்ச்சி. நீங்களாச்சும் சொல்லக்கூடாதா அண்ணா?”

உரிம நிபந்தனைகளை வரி விடாமல் படித்தவன் நான். ஆபாசம் கூடாது, அரசியல் கூடாது, அழுகையைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்றேன்.

“நிபந்தனை எழுதுன கெவுருமெண்ட்டுக்கு மண்டபம் கீதா?” என்று கேட்டார்.

“அது அழுவுறது இல்லம்மே, ரெக்கார்டிங்கு,” என்றார் சம்பந்தி.

“ரெக்கார்டிங்குன்னா கண்ணுல தண்ணி வராதா?”

கடைசியில் ஆடி மாதம் வழிவிட்டது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் பூட்டியே கிடக்கும். பட்டப்பகலில், மாடியில், கதவைச் சாத்திக்கொண்டு பாடிவிட்டுப் போகட்டும், முடிந்த கையோடு நானே வந்து மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவேன் என்று சம்பந்தி அம்மா இறங்கிவந்தார். ஆடியில் வேறொரு தொல்லை உண்டு. சுற்றிலும் உள்ள அம்மன் கோயில்கள் எல்லாம் கூழ் ஊற்றும். ஒவ்வொரு கம்பத்திலும் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். எது ஓய்கிறது என்று பார்த்துப் பார்த்து நேரம் பிடிக்க வேண்டியிருந்தது.

சம்பந்திக்கு ஒரு பழைய ஆசை. மெல்லிசைக் காலத்தில் ஒருமுறை சினிமாப் பாட்டு ஒலிப்பதிவை எட்டிப் பார்த்திருக்கிறார். கண்ணாடி அறைக்குள் பாடகி மட்டும் தனியாக, காதில் ஹெட்போனோடு. வாத்தியம் தனி, குரல் தனி, பிறகு கலப்பது. அந்தப் பெண்ணின் பாட்டையும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே டிரம்ஸை வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்தார். நல்ல வாசிப்புதான், அதைச் சொல்லியாக வேண்டும்.

அவள் யூனிஃபார்மிலேயே வந்தாள். பிற்பகல் ஷிப்டுக்கு அங்கிருந்தே போக வேண்டுமாம். எதிரொலி வராமலிருக்க முட்டை அட்டைகள் ஒட்டிய சிறிய அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தினோம். டிரம்ஸ் ஓடியது. அவள் கண்ணை மூடினாள், வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அப்படியே. சம்பந்தி மைக்கில் கேட்டார்:

“தாளம் புடிக்கலியா கண்ணு? கொஞ்சம் ஸ்லோ பண்ணட்டுமா?”

“தாளம் நல்லாத்தான் இருக்குங்கய்யா. இங்கன யாரும் இல்லையே.”

“நாங்க கீறமே, கண்ணாடிக்கு இந்தாண்ட.”

“தோளைப் பிடிக்க ஆள் இல்லையே ஐயா. ஒத்தையா எப்படி அழுவாக?”

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைப் பார்த்தேன். துக்க வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை முட்டித்தான் ஒப்பாரி வைப்பார்கள். பிள்ளைப்பாக்கத்திலும் அப்படித்தான், ராமநாதபுரத்திலும் அப்படித்தான். எத்தனையோ சாவு வீடுகளின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் கேட்டவர்கள் நாங்கள் இருவரும். ஆனால் மைக் என்று வந்ததும், அவளை ஹெட்போன் மாட்டிக் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியே உட்காரவைத்துவிட்டோம்.

அப்போது பார்த்துப் படியில் வாளி மோதும் சத்தம். சம்பந்தி அம்மா மஞ்சள் தண்ணீரும் துடைப்பமுமாக வந்து நின்றார்.

“முட்ஞ்சிதா? கழுவி உட்டுடலாமா?”

“ஆரம்பிக்கவே இல்ல,” என்றார் சம்பந்தி.

“ஏன், இன்னாவாம்?”

அதுவரை ஏதோ ரேடியோவில் பாட ஆசைப்பட்டு வந்த பெண் என்றுதான் அவர் நினைத்திருந்தார். சம்பந்தி நடந்ததைச் சொன்னார்: ஷிப்ட், பஸ், கழுவிய வீடு, எல்லாம். சம்பந்தி அம்மா கையிலிருந்த வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய் வாசற்படிக்கு வெளியே வைத்துவிட்டு, சிறிய அறையின் கதவைத் திறந்து உள்ளே போனார். அந்தப் பெண்ணின் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

“இங்க இன்னும் கழுவல,” என்றார். “வா, கீழ குந்து.”

தரையில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் குரல் சம்பந்தி அம்மாவுடையதுதான். அந்தத் தாயை அவருக்குத் தெரியாது. தன் தாயை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. ஒரு வரி போயிற்று. இரண்டாவது வரியின் நடுவில் அந்தப் பெண் உடைந்தாள். அவளைப் பெற்ற அம்மா உட்கார்ந்து பூக்கட்டிய இடம், அவள் உடுத்திய சுங்குடிச் சேலை, போனில் கடைசியாகக் கேட்ட ‘சாப்பிட்டியா’, செல்போனை வாங்கி வைத்துக்கொண்ட வாசல் காவலர், கழுவிய தரை, எல்லாம் வந்தன. அவளுடைய ஊர் மெட்டு முடிவில் மேலே ஏறும். இவருடையது கீழே இறங்கும். ஏறுவதும் இறங்குவதும் எங்கோ ஓரிடத்தில் கைகோத்துக்கொண்டன. எந்தப் பதிவிலும் நான் கேட்காத சேர்க்கை அது. அனிச்சையாகப் பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தேன். சம்பந்தி என் கையைத் தாண்டி எட்டி அதை நிறுத்தினார்.

“இது ரேடியோவுக்கு இல்ல சம்பந்தி.”

“பதிவு லெவல் நன்றாக இருந்தது,” என்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான்.

வெளியே ஒலிபெருக்கி மறுபடி தொடங்கி, மறுபடி ஓய்ந்தது. அவள் எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவினாள். சம்பந்தி அம்மா முந்தானையைக் கொடுத்தார். துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, மணி பார்த்தாள். நாங்கள் விடை கொடுக்கத் தயாரானபோது அவள் சம்பந்தியிடம் சொன்னாள்:

“அழுதாச்சுங்கய்யா. இனி பாடலாம். அந்த மிஷினுல உள்ள கொட்டு வேணாம், நீங்க நேராவே அடிங்க.”

சம்பந்தி டிரம்ஸை இழுத்து அறைக்கதவில் பாதி உள்ளும் பாதி வெளியுமாகப் போட்டார். இப்போது அவள் நின்றுகொண்டு பாடினாள். அதே வரிகள், அதே அம்மா, அதே சேலை. ஆனால் குரல் தாளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து போயிற்று. மேடையில் கூட்டத்தை எழுப்பிப் பழகிய மனிதர், அன்று ஒவ்வொரு அடியையும் அவள் மூச்சு விட்ட பிறகே வைத்தார். வாசலில் சம்பந்தி அம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

“ஒரு பாட்டுதான் சொல்லிட்டேன். இன்னொன்னு கின்னொன்னு கெளப்பாதீங்க. தரை காயணும்.”

அந்தப் பாட்டுதான் ஒலிபரப்பானது. சம்பந்தி அதற்கு முன்னுரை எதுவும் சொல்லவில்லை. அவர் பேசாமல் விட்ட ஒரே பாட்டு அது.

சம்பந்தி இப்போது இல்லை. அவருடைய நிகழ்ச்சியை நான் நடத்துகிறேன், அல்லது நடத்துவதாகப் பதிவேட்டில் இருக்கிறது. ‘ஐயா நியூஸ் வாசிக்கிறாப்ல இருக்கு, பாட்டைப் போடுங்க’ என்று நேயர்கள் செய்தி அனுப்புகிறார்கள். போடுகிறேன். ஆடி தோறும் இரண்டு மூன்று பெண்களாவது ஹாஸ்டல்களிலிருந்து, அழ ஓர் இடம் உண்டாமே என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களை மாடிக்கு அழைத்துப்போவது சம்பந்தி அம்மா. அப்போது எனக்கு அங்கே அனுமதி இல்லை. எந்த விதியின் கீழ் என்று கேட்டேன். கீழே போய் உட்காருங்கள் என்றார்.

சென்ற மாதம் ஒரகடம் சாலை சிக்னலில் ஆட்டோவில் காத்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற கம்பெனி பஸ்ஸுக்குள் பெண்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கேட்ட மெட்டாக இருக்கிறதே என்று கவனித்தால் அதே பாட்டு. இரண்டு மடங்கு வேகம், நடுவில் சூப்பர்வைசரைக் கிண்டல் செய்யும் வரி ஒன்று, கடைசியில் ஒரு கூச்சல். ஒப்பாரி என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும், அன்று பாடிய அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது அவள் லைன் லீடர். விஷயத்தைச் சொல்லி, அதை இப்படிப் பாட வேண்டாமென்று, வேண்டுமானால் நிலையத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள் வெளியிடலாம் என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

“நானும் அந்த பஸ்ஸுலதான் ஐயா இருந்தேன். நானுந்தான் தட்டுனேன். எங்கம்மாவுக்குக் கும்மின்னா உசுரு.”