மாமா நிரப்பிய படிவம்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அதை நிரப்புகிற உரிமை மாமாவுக்குத்தான். அம்மாவின் தம்பியான அவர், ஜெர்மனியில் ஏழு வருடம் அகதியாக இருந்துவிட்டு லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தவர். அங்கே ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டதற்காக விண்ணப்பம் திரும்பி வந்து, விசா ஒரு வருடம் தள்ளிப்போனதாம். அதற்குப் பிறகு மாமா எந்தக் கட்டத்தையும் சும்மா விட்டதில்லை. விளங்கினாலும் விளங்காவிட்டாலும் 'ஆம்' என்ற பக்கம் ஒரு கோடு இழுத்துவிடுவார். 'இல்லை' என்று போட்டால் கவுன்சில்காரன் எதையாவது வெட்டிவிடுவான் என்பது அவருடைய ஞானம். அதன் பயனாக, வீட்டில் செவிடர் எவரும் இல்லாமலே, காது கேளாதவர்களுக்கான தொலைபேசி ஒன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமி மூன்றாவது பிள்ளைக்கு ஏழு மாதக் கர்ப்பிணி. மாமி இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு ஆங்கிலம் வராது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நான்தான் மொழிபெயர்ப்பாளர். தலைகால் தெரியாத பெருமை எனக்கு.

அன்றைக்கு டொக்டர் அம்மா, மாமா நிரப்பிக் கொடுத்திருந்த படிவத்தை மேசையில் விரித்து ஒரு கட்டத்தைக் காட்டிக் கேட்டார். நான் வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னேன்: "மாமி, வயித்தை வெட்டிப் பிள்ளையை எடுக்கேக்கை, இனிப் பிள்ளை பிறக்காமல் இருக்கவும் சேர்த்து ஒப்பரேசன் செய்யச் சொல்லி இருக்கிறீங்களாம். சரியோ எண்டு கேக்கிறா."

மாமி படிவத்தை எட்டிப் பார்த்தார். "யாரு சொன்னா? நான் சொல்லலியே."

"நான்தான் போட்டனான்," என்றார் மாமா. "மூண்டு பிள்ளை காணும்தானே? பேசாமல் ஓம் எண்டு சொல்லும்." அந்தக் கட்டத்தை அவர் வாசித்திருக்கவே மாட்டார். ஆனால் பிழையை ஒப்புக்கொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

மாமி என் கையைப் பிடித்தார். எனக்கு நொந்தது.

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான். புள்ள பெத்துக் கெடந்தவகிட்ட ஆஸ்பத்திரியில கைநாட்டு வாங்கினாங்க. என்ன பேப்பர்னு யாரும் சொல்லல. அந்தப் புள்ளயும் தங்கல, அப்புறம் அவளுக்குப் புள்ளையே பொறக்கல. நான் வேணாம்னு சொன்னா இந்த அம்மா கோவிப்பாங்களானு கேளு."

"இதையெல்லாம் சொல்லாதை, பிள்ளை!" என்றார் மாமா.

ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்ப்பவள் என்ற திமிர் எனக்கு. மாமி சொன்னது முழுவதையும் சொல்லி, மாமா சொன்ன 'சொல்லாதே'யையும் சேர்த்தே மொழிபெயர்த்தேன்.

டொக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்னையும் மாமாவையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார். என் வேலை போய்விட்டது. எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. மாமா வாங்கித் தந்த சிப்ஸை நான் தொடவில்லை. அவரும் தொடவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பிழை விட்டிட்டன்," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முக்கால் மணி நேரம் கழித்து மாமி ஒரு புதுப் படிவத்தோடு வந்தார். 'இல்லை' என்ற கட்டத்தில் தானே கோடு போட்டிருந்தார், பேப்பர் கிழிகிற அளவுக்கு. கீழே தமிழில், முழுப் பெயர். மாமா அதை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, பத்திரமாக மடித்து மாமியிடமே கொடுத்தார்.

பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வருடம் கழித்து, மாமி தானே பஸ் பிடித்துப் போய், அதே டொக்டர் அம்மாவிடம் அதே ஒப்பரேசனைக் கேட்டுச் செய்துகொண்டார். மாமா பிளாஸ்கில் சூப்போடு காலையும் மாலையும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

பார்க்கப் போன எனக்கு அப்போது பதினொரு வயது, எல்லாம் தெரியும். "அண்டைக்கே மாமா போட்டதை விட்டிருந்தால் இந்த அலைச்சல் மிச்சம்தானே, மாமி?" என்று கேட்டேன்.

மாமி தையலைக் கையால் அமர்த்திக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு தோடம்பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். வாதத்தில் வென்றுவிட்ட சந்தோஷத்தில் அதை முழுவதும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.