மெழுகுதிரி சாய்ந்த வீடு

யட்டியாந்தோட்டைக்கு மேலே, றப்பர் மரங்களுக்கு நடுவே, எட்டு வீடுகள் ஒரே தகரக் கூரையைப் பங்கு போட்டுக்கொண்ட லயத்தில் ஐந்தாவது வீடு எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. சன்னல் கிடையாது. புகை எங்கள் வீட்டில் ஓர் ஆளைப்போல இருந்தது. எல்லாருக்கும் முந்தி எழும்பும், கூரையைத் தொட்டுப் பார்க்கும், வழி கிடைக்காமல் திரும்பி வந்து தங்கச்சியின் நெஞ்சுக்குள் படுத்துக்கொள்ளும். அவளுக்கு மூன்று வயது. மழை பிடித்துவிட்டால் மூச்சிழுப்பும் பிடிக்கும். பிள்ளையைப் புகையில் வைக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அம்மா அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். "புகையில வைக்காம, புள்ளைய றப்பர் மரத்துலயா கட்டித் தொங்கவிடுறது?"

அந்த வருஷம் தோட்டத்து வீடுகளைத் திருத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கொழும்பிலிருந்து ஒரு மாத்தயா, சிங்கள அதிகாரி, வந்து வீடு வீடாகப் பார்ப்பார். தண்ணீர், வயர், அடுப்பு, காற்று எல்லாம் சோதிப்பார். மோசமாக இருக்கிற வீட்டுக்குப் புகைபோக்கியும் சன்னலும் வைத்துக் கொடுப்பார்கள். கங்காணி இதைக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் அறிவித்தபோது தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார்: மானத்தை வாங்காமல் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். லயம் முழுக்கச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. மோசத்தைப் பார்க்க வருகிறவருக்காக எல்லாரும் மோசத்தைப் பூசி மறைத்தார்கள்.

அம்மா மட்டும் துடைப்பத்தைத் தொடவில்லை. கரி பிடித்த சுவர் அப்படியே இருந்தது. போதாததற்கு முதல் நாள் நனைந்த விறகாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தாள். அப்பா முணுமுணுத்தார். டொக்டர் வருகிற அன்றைக்கு யாராவது காய்ச்சலை ஒளித்து வைப்பார்களா என்று அம்மா கேட்டாள். எனக்கு ஒன்பது வயது. எனக்கு அது விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த சோதனை பள்ளிக்கூடத்துச் சோதனை. அங்கே அதிகாரி வந்தால் சரியாகச் சொன்ன பிள்ளைக்குக் கலர்ப் பென்சில். ஆகவே புகைபோக்கி என்பது பெரிய கலர்ப் பென்சில். நல்ல வீட்டுக்குத்தான் கிடைக்கும்.

எட்டு மணிக்கு வரவேண்டியவர் பதினொன்றுக்கு வந்தார். அதற்குள் அம்மாவின் ஈர விறகு காய்ந்து, எரிந்து, புகையில்லாத தணலாகிவிட்டிருந்தது. மாத்தயா இளம் வயது. கையில் கோப்பு, சட்டைப் பையில் டெஸ்டர். பின்னால் குடையோடு கங்காணி. கங்காணியின் காதில் விழுந்தது எதுவானாலும் மறுநாள் பிரட்டுக்களத்தில் அத்தனை பேர் காதிலும் விழும்.

முதலில் லயத்துக் கோடியில் தண்ணீர் விழுகிற பீலியடிக்குப் போனார். வாளியை வைத்து, அது நிறைய எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பீலியை யாரும் கடிகாரத்தால் அளந்ததில்லை. எங்கள் கணக்கில் ஒரு குடம் நிறைய அரைச் சண்டை நேரம். பிறகு நாலாவது வீடான சித்தப்பா வீட்டிலிருந்து கூரைச் சந்து வழியாக எங்கள் பல்புக்கு வந்த வயரில் டெஸ்டரை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். "இதுல எரியிறது பல்பா, வீடா?" என்று உடைந்த தமிழில் கேட்டார். கங்காணி மட்டும் சிரித்தார்.

அடுத்தது காற்று. சித்தப்பா வீட்டு அடுப்புத் திட்டில் அவர் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்ததை நான் தடுப்போரம் நின்று பார்த்தேன். சுடர் ஆடவில்லை, அசையவில்லை. காற்று ஓடினால் சாயும், சாயவில்லை, எனவே இங்கே காற்று இல்லை என்று கங்காணிக்கு விளக்கிவிட்டுத் தாளில் பெரிய புள்ளடி போட்டார். சித்தி சுண்ணாம்படித்த சுவரைக் காட்டிப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

புள்ளடி. பள்ளிக்கூடத்தில் பிழைக்குப் போடுகிற அதே குறி. சித்தி பெயிலாகிவிட்டாள். அடுத்தது நாங்கள்.

ஓடிப்போய் முன்னறையில் பலகைத் தடுப்போடு ஒட்டி நின்றேன். கரி படிந்த பலகையில் ஒரு வெடிப்பு உண்டு. அதன் வழியாக அடுப்புத் திட்டு ஒரு சாண் தூரம். மெழுகுதிரி ஏற்றப்பட்டது. சுடர் எழுந்து நின்றது, பிரார்த்தனையில் நிற்கிற பிள்ளையைப்போல. நான் வெடிப்பில் வாயை வைத்து மெதுவாக, ஒரே சீராக ஊதினேன். சுடர் சாய்ந்தது. அவ்வளவு அழகாகச் சாய்ந்தது.

"ஹொந்தய், நல்லது," என்றார் மாத்தயா.

"இன்னைக்கு என்னமோ காத்து வருதுங்க மாத்தயா. மத்த நாள்ல இங்க மூச்சு விட ஏலாது. சின்னவளுக்கு இழுப்பு." அம்மாவின் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒரு கெஞ்சல்.

"அம்மா, நெருப்பு பொய் சொல்றது இல்லை," என்றார் அவர்.

நான் இன்னொரு தடவை ஊதினேன், நிச்சயத்துக்காக.

அம்மா தடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். அவளுக்குப் பின்னாலேயே மாத்தயாவின் சப்பாத்துச் சத்தமும் கங்காணியின் குடையும் வந்துகொண்டிருந்தன. அம்மா என்னை இழுத்து, முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தாள். உதடு எரிந்தது. முந்தானையில் வட்டமாகக் கரி.

"என்னா, புள்ள கரியத் திங்குதா?" என்றார் கங்காணி.

"கருவாடு சுட்டுக் குடுத்தேன். வாயைத் தொடைக்காம நிக்கிது."

வீட்டில் கருவாடு தீர்ந்து ஒரு வாரமாகியிருந்தது. மாத்தயாவுக்கு முன்னால் கௌரவத்துக்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் கை என் தோளில் இருந்தது. அவர் எழுதி முடித்து ஆறாவது வீட்டுக்குப் போகும்வரை எடுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் மேசன்மார் வந்தார்கள். ஏழு வீட்டுக்குப் புகைபோக்கி முளைத்தது. ஏழு வீட்டுச் சுவரில் சன்னல் விழுந்தது. எங்களுக்கு வயரை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்கள். அப்பா ஆபீசுக்கு இரண்டு முறை நடந்தார். தாளில் நல்லது என்று இருக்கிறதாம். தாளை மாற்ற முடியாதாம். பரிசு இப்படித் தலைகீழாகக் கொடுக்கப்பட்டது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. இவ்வளவு கஷ்டப்பட்டு பாஸாக்கியும்.

அதன் பிறகு மழைக் காலமெல்லாம் அம்மா ஓர் இடுப்பில் பானையும் மறு இடுப்பில் தங்கச்சியுமாக சித்தி வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள். நல்ல வீட்டுக்காரி வந்துட்டா, வழி விடுங்க என்று சித்தி தினமும் சொல்வாள். அம்மா சிரிப்பாள். புதுப் புகைபோக்கிக்குள் புகை கேள்வி கேட்காமல் ஏறிப் போகும். ஒருநாள் சித்தி நிஜமாகவே கேட்டாள்.

"ஏழு வீட்டுலயும் இல்லாத காத்து ஒங்க வீட்டுக்கு மட்டும் எங்கேருந்துக்கா வந்துச்சு?"

அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். தணல் சிவந்தது.

"அது வந்துருச்சு. விடு," என்றாள்.

நான் வாசற்படியில் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் மூச்சு சத்தமில்லாமல் போய் வந்தது. அம்மாவுக்கு, பாவம், ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.