டீச்சருக்குத் தைத்த மெத்தை

மெத்தைக்காரர் எங்கே போனாலும் சட்டென்று உட்கார மாட்டார். முதலில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். பஸ் சீட்டாக இருந்தாலும் சரி, துக்கம் விசாரிக்கப் போன வீட்டு சோபாவாக இருந்தாலும் சரி, அமுக்காமல் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருமுறை வயிற்று வலி என்று டாக்டரிடம் போனார். படுக்கச் சொன்னதும் அந்தக் கட்டிலை நாலு இடத்தில் அமுக்கிவிட்டு, "டாக்டர், எனக்கு வலி அப்புறம் பார்க்கலாம். இதுக்கு உள்ள நார் செத்தே போச்சு" என்றாராம்.

மற்றபடி தங்கமான மனுஷர். தெருமுனைப் பிரார்த்தனைக் கூடத்துக்கு வரும் வயசானவர்களுக்கு முழங்கால் வலிக்கக் கூடாது என்று இருபது திண்டு தைத்துக் காசு வாங்காமல் கொடுத்தவர். கடவுள் அவர் கையில் நல்ல தொழிலைக் கொடுத்தார். கூடவே கொஞ்சம் கர்வத்தை அவராகவே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு பக்கம் கூரை வரைக்கும் பஞ்சு மூட்டை. இன்னொரு பக்கம் ஜன்னலோரம் மனைவியின் தையல் மிஷின். உறை தைப்பது அவர் மனைவி, உள்ளே அடைப்பது இவர். பின்னால் சுவர் சூழ்ந்த சின்ன முற்றம், அதில் ஏழு கோழிகள். ஏழுக்கும் தலைவி ஒரு புள்ளிக் கோழி. மற்ற கோழிகள் தின்னும்போது நடுவில் நடந்து நடந்து மேற்பார்வை பார்க்கும், ஒழுங்கில்லாதவர்கள் தலையில் ஒரு கொத்து கொத்தும். அதனால் அதற்கு 'டீச்சர்' என்று பெயர்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் மெத்தைக்காரர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தபோது, மனைவி மிஷினில் துணியே வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தார். 

அந்த வாரம்தான் டீச்சர் அடைக்கு உட்கார்ந்தது.

"ஏங்க, பதினோரு முட்டை வெச்சுப் பார்க்கலாமா?" என்றார் மனைவி. "இந்த வீட்ல கீச்சுகீச்சுன்னு சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

இருபத்தாறு வருஷத்தில் மனைவி வாய்விட்டு இது வேண்டும் என்று கேட்டது கைவிரலில் எண்ணிவிடலாம். மெத்தைக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"வைம்மா. படுக்கை என் பொறுப்பு. ஒண்ணு தப்பாம பொரிக்கும், பாரு."

மனைவியின் தம்பி அடுத்த தெருவில் தச்சு வேலை செய்பவன். சேதி கேட்டதும் ஒரு சாக்கு நிறைய மரச்சுருளோடு வந்து நின்றான்.

"மச்சான், அடைக்கோழிக்கு இதைப் போடுங்க. காத்தோட்டமா இருக்கும், ஈரம் தங்காது."

மெத்தைக்காரர் சாக்கில் கைவிட்டு அமுக்கிப் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே பாதி பதில் இருந்தது.

"மாப்ளே, ஊரே என் மெத்தையில தூங்குது. என் வீட்டுக் கோழி உன் பட்டறைக் குப்பையில தூங்கணுமா?"

"கோழி தூங்கப் போறதில்ல மச்சான். குஞ்சு பொரிக்கப் போகுது."

"ரெண்டும் படுத்துட்டுதானே செய்யணும்? நீ போய் உன் நாற்காலிக்கு நாலு காலும் சமமா இருக்கான்னு பாரு."

தச்சன் சிரித்துக்கொண்டே சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

மறுநாள் மெத்தைக்காரர் வாடிக்கையாளர் வேலையை ஓரம் கட்டினார். கூண்டுக்கு அளவெடுத்து, வட்டமாக ஒரு மெத்தை. முதல்தர இலவம்பஞ்சு. சுற்றிலும் ஓரப் பட்டி. சாண் நீள ஊசியால் ஏழு இடத்தில் குத்தி இழுத்து, குழி விழும்படி பொத்தான் வைத்துக் கட்டினார். நடுவில் முட்டைக்கென்று தனியாக ஒரு பள்ளம்.

மனைவி உறைத் துணியை வெட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நான் படுக்கிற மெத்தையில பஞ்சு கட்டிகட்டியா உருளுது. பத்து வருஷமா சொல்றேன். அடுத்த ஜென்மத்துல நானும் கோழியாப் பிறக்கணும் போல."

"அதுக்கு முதல்ல முட்டை போடணும்" என்றார் இவர். வாங்கிக் கட்டிக்கொண்டார்.

டீச்சர் மெத்தையை ஒரு சுற்று சுற்றி வந்தது. பொத்தானைக் கொத்திப் பார்த்தது. பிறகு ஏறி முட்டைமேல் உட்கார்ந்தது. மெத்தைக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. மெத்தை வாங்க வந்தவர்களை எல்லாம் கையோடு பின்னால் அழைத்துப்போய்க் காட்டினார். "கோழியே எழுந்திரிக்க மாட்டேங்குது பாருங்க" என்றார். அடைக்கோழி எழுந்திரிக்காது என்பதைப் பாவம், மரியாதைக்காக யாரும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் காலை, டீச்சர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது.

தீனிக்கு இறங்கியிருக்கும் என்று பார்த்தால், தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறக்கைக்குள் அலகை விட்டு விடாமல் கோதிக்கொண்டிருந்தது. ஒரு காலில் பஞ்சும் நூலும் முறுக்கிச் சுற்றி, விரல் வீங்கிப்போயிருந்தது. மனைவி மடியில் வைத்துக் கத்தரியால் நூலை எடுத்தார். மெத்தைக்காரர் கூண்டுக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

மெத்தையின் அடிப்பக்கம் ஈரத்தில் சொதசொதவென்று நாறியது. ஓரப் பட்டியைப் பிரித்தால், தையல் மடிப்பு முழுக்கக் கடுகில் கால்வாசி அளவில் சிவப்புச் சிவப்பாக ஊர்ந்தது. கோழிப்பேன். ஒவ்வொரு பொத்தான் குழியிலும் ஒரு குடும்பம். பகலெல்லாம் அங்கே ஒளிந்திருந்து, இருட்டியதும் வெளியே வந்து டீச்சரின் ரத்தத்தைக் குடித்திருக்கின்றன. "மடிப்பைப் பாருங்க, பூச்சி மடிப்பிலதான் இருக்கும்" என்று மூட்டைப்பூச்சிக்காக ஊரில் எத்தனை பேரை இவர் திட்டியிருப்பார்! அத்தனை மடிப்பையும் இப்போது தன் கையாலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

"முட்டை இன்னும் சூடாத்தான் இருக்குங்க" என்றார் மனைவி, ஒரு முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து.  பதினோரு முட்டையையும் ஒரு கூடையில் பழைய போர்வைக்குள் அடுக்கினார், பக்கத்தில் வெந்நீர்ப் பையை வைத்தார். "எவ்வளவு நேரம் தாங்குமோ தெரியல. மத்தியானத்துக்குள்ள டீச்சர் திரும்ப உட்காரணும்."

அவசரத்தில் மெத்தைக்காரர் செய்தது இதுதான். பூச்சிக்கு எது ஆகாது என்று யார் யாரோ சொன்னதில் எதெல்லாம் நினைவுக்கு வந்ததோ, அத்தனையும் கொண்டுவந்தார். வேப்பிலை ஒரு கட்டு, எலுமிச்சம்புல் ஒரு கட்டு, புதினா, நசுக்கிய பூண்டு. மெத்தையை உதறி, எல்லாவற்றையும் அதன் மேலேயே பரப்பினார். டீச்சரைத் தூக்கி உள்ளே வைத்தார். அது மூன்று தடவை தலையை உதறியது, தும்மியது, அவர் தோள்மேல் ஏறி வெளியே குதித்தது.

அக்கா போன் செய்து வரச்சொன்ன தச்சன் அப்போதுதான் உள்ளே நுழைந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், கோழி அடைகாக்கப் போகுதா, இல்ல கோழியையே வதக்கப் போறீங்களா?"

வேறு நாளாக இருந்தால் பதிலுக்குப் பதில் கிடைத்திருக்கும். மெத்தைக்காரர் கூடையைப் பார்த்தார். மனைவி போர்வைக்குள் கைவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே" என்றார். பூண்டு வாசனைக் கையை வேட்டியில் துடைத்தார். "அந்தக் குப்பை இன்னும் இருக்கா?"

"எந்தக் குப்பை மச்சான்?"

"டேய், அவரை ரொம்பப் படுத்தாதே" என்றார் அக்கா. தச்சன் ஓடினான்.

அவன் கொண்டுவந்தது நைஸ் தூள் இல்லை. தூள் கோழியின் மூக்கில் ஏறும் என்று சலித்து ஒதுக்கிவிட்டு, காய்ந்த மரத்தின் தடித்த சுருளாகப் பொறுக்கி வந்திருந்தான். வாசனை தூக்கலான மரமும் வேண்டாம் என்றான். இருவரும் கூண்டைப் பலகை பலகையாகக் கழற்றினார்கள். இடுக்குகளில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றினார்கள், வெயிலில் நிறுத்தினார்கள். மெத்தையை மெத்தைக்காரர் தானே முற்றத்து மூலையில் போட்டு எரித்தார். இலவம்பஞ்சு நொடியில் பற்றிக்கொண்டது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"பேன் டீச்சர் உடம்புல இருக்குமே, அதுக்கு என்ன பண்றது?" என்றான் தச்சன்.

"அங்க பாருங்க" என்றார் மனைவி.

டீச்சர் வெந்நீர் அடுப்புக்கு அருகே, ஆறிய சாம்பல் குவியலில் மல்லாக்கப் படுக்காத குறையாகக் கிடந்தது. கால்களால் சாம்பலை வாரி வாரி இறக்கைக்குள் தள்ளி, கண்ணைச் சொக்கிக்கொண்டு புரண்டது. எழுந்து ஒரு உதறு உதறியது. முற்றமே மூடுபனி போல் ஆனது.

"நாம ஊரெல்லாம் மருந்து தேடினோம். அவ அடுப்படியிலேயே எடுத்துக்கிட்டா" என்றார் மனைவி. கடவுள் கோழிக்கு எவ்வளவு அறிவைக் கொடுத்து, எவ்வளவு சின்ன மண்டையில் வைத்திருக்கிறார் என்று மெத்தைக்காரருக்கு வியப்பாக இருந்தது. தன் மண்டையின் அளவைப் பற்றி அவர் யோசிக்காமல் விட்டார்.

வெயிலில் காய்ந்த பலகைகளைப் பூட்டி, அடியில் கொஞ்சம் சாம்பல் தூவி, ஒரே ஒரு பிடி உலர்ந்த வேப்பிலை போட்டு, மேலே சுருளைப் பரப்பினார்கள். முட்டைகளை வைத்தார்கள். மெத்தைக்காரரின் கட்டைவிரல் அமுக்கிப் பார்க்கத் தானாகவே நீண்டது.

"கையை எடுங்க" என்றார் மனைவி.

எடுத்தார். டீச்சர் உள்ளே போனது. அழகாகப் பரப்பிய சுருளை முதல் காரியமாகக் கலைத்துப் போட்டது. மெத்தைக்காரர் வாயைத் திறந்தார், தச்சன் அவர் கையைப் பிடித்து அழுத்தினான். டீச்சர் மார்பால் அப்படியும் இப்படியும் அழுத்தி, தனக்கு வேண்டிய பள்ளத்தைத் தானே செய்தது. முட்டைகளை அலகால் உருட்டி அடியில் சேர்த்தது. மெல்ல உட்கார்ந்தது. மூவரும் மூச்சுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு நாளும் மெத்தைக்காரர் பிரார்த்தனையில் இரண்டு நிமிஷம் அதிகமாக உட்கார்ந்தார். இன்னது கேட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் யாராவது, "உங்க கோழி மெத்தை எப்படி இருக்கு?" என்று கேட்டால், "வேலை இருக்கு" என்று வேகமாக நடந்தார்.

இருபத்தோராம் நாள் காலை, மனைவி கூண்டின் முன் குத்துக்காலிட்டு, தலையைச் சாய்த்துக் காதை உள்ளே வைத்திருந்தார். வெகுநேரம் அசையவில்லை. பின்னால் நின்ற மெத்தைக்காரர் எட்டிக் குனிந்தார்.

"என்னம்மா? ஏதாவது கேட்குதா?"

 மனைவி கையை மட்டும் உயர்த்தி, சும்மா இருங்க என்று சைகை காட்டினார். திரும்பியபோது கண்கள் நனைந்திருந்தன, உதடு சிரித்தது.

"கேட்குதுங்க. நாலஞ்சு பேர் சேர்ந்து பேசுறாங்க."

"என்ன பேசுறாங்க?"

"அப்பா தெச்ச மெத்தையை எரிச்சாச்சா, வெளிய வரலாமான்னு கேட்குறாங்க."

மெத்தைக்காரர் பக்கத்தில் மண்டியிட்டு, தானும் காதை வைத்தார்.